ஏறுவரிசை

ஓலு நகரம், பின்லாந்து. மைனஸ் இருபத்தேழு.
பனிவாரும் வண்டி தெருவை
ஒரு பக்கமாய் ஒதுக்கிக்கொண்டு போகிறது.
மூன்றாம் மாடியில் துய்ரே.
ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கம்பெனியின்
இரவுக் காவல்.
தடி இல்லை, டார்ச் இல்லை.
ஒரு திரை, ஆறிய காபி,
இடது குதிகாலில் ஓட்டை விழுந்த
கம்பளிக் காலுறை.

மேகத்துக்கு எழுதிக் கேட்கிறாள்:
கண்டவை அனைத்தையும் கொடு.
பதினோராயிரத்து நானூற்றெண்பத்திரண்டு
என்கிறது, கூசாமல்.
கண்டவையா, கண்டதும் கடியதுமா?
திறந்து கிடக்கும் போர்ட்,
நேற்றோடு காலாவதியான சான்றிதழ்,
யாரோ பூட்ட மறந்த சேமிப்புப் பெட்டி,
அதே பெட்டி,
மறுபடி அதே பெட்டி.
ஐம்பது ஐம்பதாய்த்தான் தரும்.
பக்கத்தின் காலடியில் ஒரு டோக்கன் இருக்கும்,
அதைக் காட்டினால் அடுத்த ஐம்பது.

சலித்தாள்.
தீவிரம் எழுபதுக்கு மேல். நிலை புதியது.
காப்பகத்துக்குப் போனவை வேண்டாம்.
வரிசை இறங்குமுகம், பெரியது முதலில்.
சலித்ததைத் திரும்பச் சலித்தாள்.
சலித்துச் சலித்து
இரண்டரை மணிக்கு
அவளே சலித்துப்போனாள்.

சல்லடைக்கு ஆயிரம் கண்.
பார்வை மட்டும் கிடையாது.

கொட்டாவிக்கு நடுவில் புதிதாய் எழுதிய கேள்வியில்
நிபந்தனை ஒன்றும் இல்லை.
இறங்கவேண்டிய வரிசையை
விரல் ஏறுவரிசை ஆக்கியிருந்தது.
அனுப்பிய பிறகுதான் பார்த்தாள்.
ச்சே என்றாள், அவள் மொழியில்.

உச்சியில் வந்து நின்றது
நூற்றுக்கு இரண்டு வாங்கிய ஒன்று.
முந்தைய கோடையில் மூன்று மாதம் வேலை பார்த்த
மாணவன் ஒருவனின் சாவி,
வழக்கமில்லாத ஊரிலிருந்து.
முதலில் கண்டது: ஜூன் பதினேழு.
எண்ணிக்கை: அறுநூற்றுப் பதினொன்று.
தினமும் மூன்று பத்துக்கு வரும்.
பம்புகளின் பட்டியலைத் திறக்கும்,
எட்டிப் பார்க்கும், போகும்.
நேற்று மட்டும்
எழுதவும் உரிமை உண்டா என்று கேட்டிருக்கிறது.
இல்லை என்று பதில்.
ஆகவே மதிப்பெண் இன்னும் இரண்டு.

யார் மறைத்தது?
விதியைத் திறந்தாள்.
இந்த வகை வந்தால் நேரே காப்பகத்தில் போடு.
காரணம்: சும்மா இரைச்சல், அப்புறம் பார்க்கலாம்.
இயற்றியவர் பெயர்
துய்ரே ஹைக்கிலா.
நடுக்கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி மதியம்.
கீழே கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது
நினைவிருக்கிறது.
ஏரிக் குடிலுக்குப் போகும் அவசரத்தில்
மீன்தூண்டிலை மறந்துவிட்டுப் போனதும்.

இல்போவை எழுப்பினாள்.
எவ்வளவு தீவிரம் என்றான், தூக்கத்தில்.
இரண்டு என்றாள்.
போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.
காலையில் பார்த்தால் ஆகாதா?
ஜன்னலில் கை வைத்தாள்.
கண்ணாடி சுட்டது, அவ்வளவு குளிர்.
இந்தத் தெருவுக்கு அடியில்
பிரசவ வார்டுக்கும் நாய்கள் காப்பகத்துக்கும்
இல்போவின் படுக்கையறைக்கும்
ஒரே குழாய்.
ஆகாது என்றாள்.

ஒரு வரிதான் எழுதினாள். சாவி செத்தது.
பிறகு உட்கார்ந்திருந்தாள்,
மூன்று ஐந்து, மூன்று எட்டு.

மூன்று பத்துக்கு
திரையில் புதிதாய் ஒன்று:
நுழைய முயற்சி, அனுமதி மறுப்பு.
தீவிரம்: ஒன்று.

சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.
தன் பெயர் போட்ட விதியை நீக்கினாள்.
பதினோராயிரம் பத்தொன்பதாயிரம் ஆனது.
வரிசையை மாற்றவில்லை.
காபிக்கு எழுந்தபோது கீழே பார்த்தாள்:
பனிவண்டி திரும்பிப் போயிருந்தது.
தெரு துடைத்துவிட்டாற்போல் இருந்தது.
ஒதுக்கியதெல்லாம்
அவள் கார்மேல்.